ஆர்வியில் தண்ணீர் ஒழுகுகிறதா? எப்போது என்று முதலில் பாருங்கள்

டெட்ராய்ட் பக்கம் எங்கள் நட்பு வட்டத்தில் ஆறு குடும்பங்களிடம் ஆர்வி டிரெய்லர், அதாவது வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் சின்ன வீடு, இருக்கிறது. ஆறும் பழசாக வாங்கியவை, ஆறும் ஒரு தடவையாவது ஒழுகியவை. சீசன் தொடங்கினால் எனக்கு ஃபோன் வரும். "அண்ணா, கட்டிலுக்கு மேல தண்ணி சொட்டுது." நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எப்பப்பா சொட்டுது?"

எங்கே சொட்டுகிறது என்பதை வைத்து ஆர்வியில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. என் டிரெய்லரில் படுக்கைக்கு மேலே காசு அளவு கறை. அதற்கு நேர் மேலே கூரையில் ஒரு வென்ட் (காற்றுத் திறப்பு). அந்த வென்ட்டைச் சுற்றி மூன்று முறை சீலன்ட் (இடைவெளியை அடைக்கும் பசை) வைத்தேன், மூன்று முறையும் கறை பெரிதானதுதான் மிச்சம். கடைசியில் பார்த்தால் தண்ணீர் நுழைந்தது ஆறடி தள்ளி, முன்முகப்பின் உச்சியில் இருக்கும் சின்ன ஆரஞ்சு விளக்கின் ஸ்க்ரூ ஓட்டை வழியாக. கூரைச் சட்டத்தின் மேலேயே ஊர்ந்து வந்து, வசதியான இடத்தில் இறங்கியிருக்கிறது. அதனால் கீழே எல்லாமே 'எப்போது' என்பதை வைத்துத்தான் பிரித்திருக்கிறேன். உங்கள் ஒழுகலுக்குப் பொருந்தும் தலைப்பை மட்டும் படித்தால் போதும்.

கையில் வேண்டியவை: நல்ல டார்ச், டிஷ்யூ ரோல், மரத்தின் ஈரம் காட்டும் சின்ன மீட்டர் (இரண்டு ஊசி இருக்கும், 30 டாலருக்குக் கிடைக்கும்), உள்ளே ஒரு ஆள். ஈரம் ஸ்விட்ச், பிளக் பாயின்ட் பக்கம் இருந்தால் வெளி மின்சார ஒயரைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இங்கே 120 வோல்ட்தானே என்று அலட்சியம் வேண்டாம்.

## மழை பெய்தால் மட்டும் ஈரம்

### வண்டி நிற்கும்போதே ஒழுகுகிறது

கூரைக்கு ஏறும் முன் ஒன்று. பின்னால் கம்பெனியே ஏணி வைத்திருந்தால் பொதுவாக மேலே நடக்கலாம். ஏணி இல்லையென்றால் நடக்காதீர்கள், வேறு ஏணி சாத்தி ஓரத்திலிருந்து பாருங்கள். நடக்கலாம் என்றாலும் ஒரு பிளைவுட் பலகையைப் போட்டு அதன்மேல் மண்டியிடுவது நல்லது.

செலவே இல்லாதது: ஜன்னல் ஓட்டைகள். ஜன்னல் சட்டத்தின் கீழ் ஓரத்தில், வெளிப்பக்கம், தண்ணீர் வடிய இரண்டு சின்னத் துளைகள் இருக்கும். தூசியும் பூச்சிக்கூடும் அடைத்துக்கொண்டால் சட்டத்துக்குள் தேங்கும் தண்ணீர் உள்பக்கமாக வழிந்து சுவரில் இறங்கும். பல் குத்தும் குச்சியால் குத்தி விடுங்கள். பிறகு உள்ளே சட்டத்தைச் சுற்றியிருக்கும் ஸ்க்ரூக்களைத் தொட்டுப் பாருங்கள், சாலை அதிர்ச்சியில் பாதி தளர்ந்திருக்கும். எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கவும்.

15 டாலர் செலவு: கூரை சீலன்ட். வென்ட், ஸ்கைலைட், டிவி ஆன்டெனா, குழாய் மூடி, முன்பின் ஓரப் பட்டை என்று கூரையில் எங்கெல்லாம் ஓட்டை போட்டிருக்கிறார்களோ அங்கெல்லாம் வெள்ளை சீலன்ட் இருக்கும். விரலால் அழுத்தி ஓட்டிக்கொண்டே போங்கள். தலைமுடி அளவு விரிசல், ஓரம் தூக்கிக்கொண்டிருப்பது, ஸ்க்ரூ தலை வெளியே எட்டிப் பார்ப்பது, இந்த மூன்றில் எது இருந்தாலும் அதுவே வாசல். தளர்ந்ததை மட்டும் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள், உறுதியாகப் பிடித்திருப்பதைப் பிய்க்க வேண்டாம். ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, புதியதை வையுங்கள். படுத்த பரப்புக்குத் தானாகப் பரவும் லேப் சீலன்ட், நின்ற பரப்புக்கு வழியாத வகை. மாற்றி வாங்கினால் பக்கச் சுவரெல்லாம் பாயசம் போல வழியும், நான் பட்டிருக்கிறேன். குளிரில் வைக்காதீர்கள், வெயில் அடிக்கும் நாளாகப் பாருங்கள்.

கூரையில் சாதாரண சிலிக்கான் மட்டும் வேண்டவே வேண்டாம். அது நாளடைவில் ஓரம் விட்டுக்கொள்ளும், அது இருந்த இடத்தில் அப்புறம் எதுவும் ஒட்டாது. பழைய வண்டி வாங்கும்போது கூரையில் பளபளவென்று சிலிக்கான் பூசியிருந்தால் முந்தைய உரிமையாளர் எதையோ அவசரமாக மூடியிருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். ரப்பர் கூரை என்றால் பெட்ரோல், தின்னர் போன்றவற்றால் துடைக்கவும் கூடாது, ரப்பர் ஊதிப்போகும்.

அரை நாள் வேலை: விளக்குகளும் மூலைப் பட்டைகளும். முன்னும் பின்னும் உச்சியில் இருக்கும் அடையாள விளக்குகளைத்தான் யாரும் பார்ப்பதில்லை. மூடியைக் கழற்றுங்கள். ஸ்க்ரூ துருப்பிடித்திருந்தாலோ உள்ளே வெள்ளைப் படிவு இருந்தாலோ தண்ணீர் அங்கே குடியிருந்திருக்கிறது. விளக்கை எடுத்து, பின்பக்கம் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) வைத்துத் திரும்பப் பொருத்தி, மேலேயும் இரு பக்கமும் சீலன்ட் கோடு போடுங்கள். கீழ்ப்பக்கத்தைத் திறந்தே விடவும், உள்ளே போன தண்ணீர் வெளியேற வேண்டுமே. மூலைப் பட்டைகளின் நடுவே ஓடும் பிளாஸ்டிக் நாடாவை இழுத்துப் பாருங்கள். அடியில் உள்ள ஸ்க்ரூக்களில் எங்கே துரு அதிகமோ அந்த இடத்து பியூட்டைல் செத்துவிட்டது.

இன்னும் பிடிபடவில்லையா? ஹோஸ் சோதனை. உள்ளே ஒருவர் டார்ச்சுடன், வெளியே ஒருவர் ஹோஸுடன். கீழிருந்து மேலாக, ஒரு இடத்துக்குப் பத்து நிமிடம். மேலிருந்து தொடங்கினால் வழியும் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துக் குழப்பிவிடும். பிரஷர் வாஷரைக் கிட்டவே கொண்டுவராதீர்கள், நன்றாக இருக்கும் சீலன்டையும் அது கிழிக்கும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: கூரை ரப்பர் கிழிந்து மரம் தெரிந்தால். அல்லது முழங்காலுக்கு அடியில் கூரை மெத்தென்று அமுங்கினால். முதல் வேலையாக இறங்கி வாருங்கள்.

### மழையில் ஓட்டினால் மட்டும் ஒழுகுகிறது

நிறுத்தி வைத்து எத்தனை ஹோஸ் அடித்தாலும் இது தெரியாது. 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று தண்ணீரைக் கீழிருந்து மேலே தள்ளும். டயர் வேறு அடியிலிருந்து வாரி இறைக்கும்.

முதலில் சக்கரத்துக்கு மேலே இருக்கும் அலமாரி. இருட்டிய பிறகு அலமாரிக்குள் விளக்கை எரியவிட்டு, வெளியே குனிந்து சக்கரக் குழிக்குள் பாருங்கள். வெளிச்சம் எங்கே கசிகிறதோ தண்ணீரும் அங்கேதான் போகிறது. எப்போதோ டயர் வெடித்த வண்டிகளில் இந்த பிளாஸ்டிக் உறை கிழிந்தே இருக்கும். அடுத்தது முன்பக்கச் சாமான் அறைக் கதவின் ரப்பர். அப்புறம் வெளியே தள்ளும் ஸ்லைடு அறை. அதைச் சுற்றியுள்ள ரப்பர் உதடு முழுவதும் ஒரே திசையில் மடிந்திருக்க வேண்டும், ஒரு முழம் உள்ளே மடிந்திருந்தாலும் போதும், ஒழுகும். கையால் இழுத்துச் சரிசெய்யலாம். ஸ்லைடு கோணலாக நுழைகிறது, ஒரு பக்கம் இடைவெளி என்றால் அது மோட்டார் சம்பந்தப்பட்ட சீரமைப்பு, மெக்கானிக்கிடம் விடுங்கள்.

## குழாய் எதுவும் திறக்கவில்லை, பம்ப் மட்டும் அவ்வப்போது உறுமுகிறது

மிச்சிகன் அரசுப் பூங்காக்களில் பெரும்பாலான இடங்களில் மின்சாரம் மட்டும்தான் கிடைக்கும். தண்ணீரை டேங்கில் நிரப்பி, பம்ப் போட்டுத்தான் புழங்க வேண்டும். அதனால் இங்கே அதிகம் கேட்கும் புகார் இது: நடுராத்திரி, எல்லோரும் தூக்கம், பம்ப் ஒரு நொடி டுர்ர் என்று ஓடி நிற்கும். கால் மணி கழித்து மறுபடியும். எங்கோ அழுத்தம் இறங்குகிறது என்று அர்த்தம்.

எளியதிலிருந்து போங்கள். வெளியே இருக்கும் ஷவர் பெட்டியைத் திறந்து இரண்டு குழாயும் மூடியிருக்கிறதா பாருங்கள். டாய்லெட் தொட்டியில் தண்ணீர் தானாக ஏறுகிறதா பாருங்கள். ஏறினால் அதன் வால்வு சரியாக மூடவில்லை. வண்டிக்கு அடியில் சிவப்பும் நீலமுமாகத் தொங்கும் வடிகால் குழாய்களின் மூடி சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள்.

எல்லாம் காய்ந்திருந்தால், உள்ளே ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு துண்டு டிஷ்யூவைச் சுற்றிவிட்டு ஒரு மணி நேரம் பம்பைப் போட்டு வையுங்கள். விரலுக்குத் தெரியாத ஈரம் டிஷ்யூவில் கறையாகத் தெரியும். கை நுழையாத மூலைகளில் என் மனைவி சொன்ன வழி: மூட்டுக்கு அடியில் கோலமாவைத் தூவி வைப்பது. சொட்டு விழுந்த இடத்தில் அம்மைத் தழும்பு போல ஒரு சின்னக் குழி. நாலு மூட்டில் எது என்று அடித்துச் சொல்லிவிடலாம்.

அதிகம் அகப்படுவது பம்புக்கு ஒட்டிய பிளாஸ்டிக் மூட்டுகள். பம்ப் அதிர்ந்து அதிர்ந்து அவற்றைத் தளர்த்தும். கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று, அவ்வளவுதான். ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் பிளாஸ்டிக் கீறிவிடும், சொட்டு ஓட்டமாகும்.

எந்த டிஷ்யூவும் நனையவில்லை, பம்ப் மட்டும் உறுமுகிறது என்றால் தண்ணீர் பம்புக்குள்ளேயே பின்வாங்கி டேங்குக்குப் போகிறது. அடுத்த தலைப்பைப் பாருங்கள்.

## கேம்ப்கிரவுண்டின் (வண்டியை நிறுத்தித் தங்கும் இடம்) வெளிக் குழாயில் இணைத்தால் டேங்க் தானாக நிரம்பி வழிகிறது

பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு மூடவில்லை. ஒரு மணல் துகள் போதும். பம்புக்கு முன்னால் இருக்கும் வடிகட்டிக் கிண்ணத்தைத் திருகிக் கழுவிவிட்டு, எல்லாக் குழாயையும் திறந்து பம்பை இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். துகள் அடித்துக்கொண்டு போய்விடலாம். போகவில்லையென்றால் பம்பின் தலைப்பகுதி அல்லது முழுப் பம்ப், சுமார் 100 டாலர். நாலு ஸ்க்ரூ, இரண்டு ஒயர், நீங்களே மாற்றலாம்.

## வெளிக் குழாயில் இணைத்தால் மட்டும் உள்ளே ஒழுகுகிறது, பம்பில் ஒழுகவில்லை

அழுத்தம் அதிகம். பம்ப் பெரும்பாலும் 45 முதல் 55 பிஎஸ்ஐக்குள் (பிஎஸ்ஐ என்பது அழுத்தத்தின் அளவு) நின்றுவிடும். கேம்ப்கிரவுண்ட் குழாய்க்கு அப்படிக் கணக்கு இல்லை. பகலில் எல்லோரும் குளிக்கும்போது சாதுவாக இருக்கும், ராத்திரி எல்லோரும் மூடியபின் எகிறும். 40 முதல் 50 பிஎஸ்ஐயில் நிறுத்தும் ரெகுலேட்டரை வாங்கி, வண்டிப் பக்கம் மாட்டாமல் குழாய்ப் பக்கமே மாட்டுங்கள், ஹோஸும் தப்பிக்கும். வெளியே போகும்போது குழாயை மூடிவிட்டுப் போவது என் வழக்கம். கடற்கரைக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்தால் கம்பளம் மிதந்துகொண்டிருந்த ஒரு நாளுக்குப் பிறகு வந்த வழக்கம்.

இதற்கு நேர்மாறாக, பம்ப் ஓடும்போது வெளிச் சுவரில் ஹோஸ் மாட்டும் வாயிலிருந்து சொட்டுகிறதா? அங்கேயும் ஒரு ஒருவழி வால்வு இருக்கிறது, அதில் அழுக்கு. பம்பை நிறுத்தி, குழாய்களைத் திறந்து அழுத்தத்தை முழுக்க இறக்கிய பிறகு, வலையை எடுத்துவிட்டு நடுவில் உள்ள சின்ன முளையை விரலால் இரண்டு முறை அழுத்தி விடுங்கள். அழுத்தம் இருக்கும்போது அழுத்தினால் உள்ளேயிருக்கும் ரப்பர் வளையம் பிதுங்கி வெளியே வந்துவிடும், பிறகு மொத்தமாக மாற்ற வேண்டியதுதான்.

## தண்ணீர் ஹீட்டரின் வெளிவாயிலிருந்து சொட்டுகிறது

சூடாகும்போது மட்டும் சொட்டுகிறதென்றால் பெரும்பாலும் பழுதே இல்லை. ஹீட்டர் டேங்கின் மேல்பகுதியில் கொஞ்சம் காற்று இருக்க வேண்டும், சூடான தண்ணீர் விரிய இடம் கொடுப்பது அதுதான். நாளடைவில் காற்று குறைந்து போனால் பாதுகாப்பு வால்வு சொட்டும். ஹீட்டரின் கேஸ், மின்சாரம் இரண்டையும் அணைத்து, நன்றாக ஆறவிடுங்கள். தண்ணீர் வரத்தை நிறுத்தி, ஒரு சுடுநீர்க் குழாயைத் திறங்கள். பிறகு வால்வின் நெம்புகோலைத் தூக்கி, தண்ணீர் வருவது நிற்கும்வரை பிடித்திருந்து, பட்டென்று விடுங்கள். குழாயை மூடிவிட்டுத் தண்ணீர் வரத்தைத் திறக்கலாம்.

ஆறியபிறகும் சொட்டினால் வால்வை மாற்ற வேண்டும். சொட்டு நிற்கவில்லையே என்று அதன் வாயை எதையாவது வைத்து அடைத்தவரை நான் பார்த்திருக்கிறேன். டேங்க் வெடிக்காமல் காப்பாற்றுவதே அந்த வால்வுதான். அதற்குக் கீழே இருக்கும் வடிகால் திருகு சொட்டினால் டெஃப்லான் டேப் சுற்றி மாட்டுங்கள். ஸ்டீல் டேங்க் என்றால் அந்தத் திருகோடு ஒரு நீளக் கம்பி வரும், டேங்குக்குப் பதிலாகத் துருப்பிடிப்பது அதன் வேலை. முக்கால்வாசி கரைந்திருந்தால் புதிது வாங்குங்கள். டேங்கின் உடம்பே கசிந்தாலோ, கேஸ் வாடை வந்தாலோ, அதற்கு மேல் கையே வைக்கக் கூடாது. மெக்கானிக்தான்.

## ஏசி ஓடும்போது உள்ளே சொட்டுகிறது

ஏசி தண்ணீர் கூரையில் வழிந்து ஜன்னல் பக்கம் இறங்குவது இயல்பு, அது ஒழுகல் இல்லை. உள்ளே சொட்டினால் முதலில் வண்டி சமமாக நிற்கிறதா பாருங்கள். அடுத்து ஃபில்டர். அழுக்கேறிய ஃபில்டரால் குளிர்க்கம்பி பனிக்கட்டி கட்டி, அது உருகும்போது மொத்தமாகக் கொட்டும். பிறகு மேலே மூடியைக் கழற்றி, தண்ணீர்த் தட்டின் வடிதுளையைச் சுத்தம் செய்யுங்கள்.

ஏசியை அணைத்திருக்கும்போதும் மழையில் அதே இடத்தில் சொட்டினால், கூரைக்கும் ஏசிக்கும் நடுவே உள்ள ரப்பர் மெத்தை அமுங்கிப்போயிருக்கிறது. உள் மூடியைக் கழற்றினால் நாலு நீள போல்ட் தெரியும். மாற்றி மாற்றி அரைச் சுற்றாக இறுக்கி, மெத்தை பாதித் தடிமனுக்கு வந்ததும் நிறுத்துங்கள். பத்து வருடம் தாண்டியிருந்தால் மெத்தையையே மாற்ற வேண்டும். ஏசி 40, 45 கிலோ இருக்கும், இரண்டு பேர் இல்லாமல் தூக்காதீர்கள்.

## குளிர்காலையில் கண்ணாடியும் சுவரும் நனைந்திருக்கின்றன

அக்டோபரில் வரும் ஃபோன்களில் பாதி இதுதான். இது மூச்சும் சமையலும். நாலு பேர் தூங்கும் ஒரு சின்னப் பெட்டி, அதில் கேஸ் அடுப்பில் ரசம் வேறு கொதிக்கிறது. கேஸ் எரியும்போதே நீராவி வரும் என்பது பலருக்குத் தெரியாது.

சந்தேகமிருந்தால் ஒரு அலுமினியத் தாளைச் சுவரில் நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டுங்கள். காலையில் தாளின் வெளிமுகம் நனைந்திருந்தால் அறையின் ஈரம். தாளுக்குப் பின்னால் நனைந்திருந்தால் சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது, மழைத் தலைப்புக்குத் திரும்புங்கள். அறையின் ஈரம் என்றால் கூரை வென்ட்டை ஒரு அங்குலம் திறந்து வைத்தால் பெருமளவு குறையும். மெத்தையைத் தூக்கி அடியிலும் பாருங்கள், பூஞ்சை அங்கேதான் தொடங்கும்.

## பாத்திரம் கழுவினால், குளித்தால், டாய்லெட் போனால் மட்டும்

சிங்க்குக்கு அடியில் வளைந்த குழாயின் பிளாஸ்டிக் நட்டுகளைக் கையால் இறுக்குங்கள், முக்கால்வாசிப் பேருக்கு வேலை அங்கேயே முடியும். ஷவர் என்றால் மூலைகளில் சிலிக்கான், உள்ளே சிலிக்கான் வைக்கலாம். டாய்லெட்டின் அடியில் ஈரம் நல்ல தண்ணீராக இருந்தால் பின்பக்க வால்வு கீறியிருக்கிறது. நாறினால் தரையோடு இணையும் ரப்பர் வளையம். இரண்டு நட்டைக் கழற்றி மாற்றலாம், மனத்திடம் மட்டும் வேண்டும்.

## ஏப்ரலில் முதல் தடவை தண்ணீர் விட்டதும் பல இடத்தில் ஒழுகுகிறது

உறைந்து வெடித்திருக்கிறது. இலையுதிர் காலத்தில் எங்கோ தண்ணீர் தங்கிவிட்டது. அநேகமாக இந்த மூன்றில் ஒன்று: வெளி ஷவர், டாய்லெட் வால்வு, பம்பின் வடிகட்டிக் கிண்ணம். முதலில் இவற்றைப் பாருங்கள். வெடித்த துண்டை வெட்டி எடுத்து, தள்ளிப் பொருத்தும் மூட்டு ஒன்றைப் போட்டால் போதும், சாதாரண ஹார்டுவேர் கடையில் கிடைக்கும்.

தண்ணீர் விட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் இல்லை. நான் இப்போதெல்லாம் முதலில் காற்றைத்தான் விடுகிறேன். ஹோஸ் வாயில் ஒரு அடாப்டர் மாட்டி, கம்ப்ரஸரை 30 பிஎஸ்ஐயில் வைத்து நிரப்பி, பம்பை அணைத்துவிட்டு உள்ளே அமைதியாக நின்று கேட்பேன். உஸ் என்று எங்கே கேட்கிறதோ அங்கே கீறல். ஒரு சொட்டும் கம்பளத்தில் விழாது.

அடுத்த குளிருக்கு: எல்லாவற்றையும் வடித்து, ஹீட்டரை பைபாஸ் செய்து (அதற்குள் எதுவும் போகாமல் சுற்றிவிட்டு), ஆர்விக்கென்றே விற்கும் பிங்க் நிற ஆன்டிஃப்ரீஸை, அதாவது குளிரில் உறைந்து குழாயை வெடிக்க விடாத திரவத்தை, பம்ப் வழியாக ஓட்டுங்கள். இரண்டு, மூன்று கேலன் ஆகும். ஒவ்வொரு குழாயிலும், சூடு, குளிர் இரண்டிலும், பிங்க் வரும்வரை. வெளி ஷவரிலும்தான். காருக்கு ஊற்றும் ஆன்டிஃப்ரீஸ் விஷம், மாற்றி ஊற்றிவிடாதீர்கள்.

## தரை அமுங்குகிறது, சுவர் உப்பியிருக்கிறது

இது மேலே உள்ள ஏதோ ஒன்றின் பழைய பாக்கி. குதிகாலால் அழுத்திக்கொண்டே நடந்து பாருங்கள், கதவோரம், மூலைகள், டாய்லெட் பக்கம். மீட்டர் 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் ஈரம் உயிரோடு இருக்கிறது. திருப்புளி முனை மரத்துக்குள் வெண்ணெயில் போவதுபோல் போனால் மக்கிவிட்டது. வெளிச்சுவருக்கு, மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் வண்டியின் ஒரு முனையில் நின்று நீளவாக்கில் பாருங்கள். ஃபைபர் பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளைவுட் ஈரத்தில் விட்டுக்கொண்டால் அலை அலையாகத் தெரியும்.

கையளவு தரை என்றால் வெட்டிவிட்டுப் புது பிளைவுட் போடலாம், அதுவும் ஒழுகலை நிறுத்தி, நன்றாகக் காய்ந்த பிறகுதான். சுவர் உப்பல், சட்டம் மக்கியது, ஸ்லைடுக்கு அடியில் மெத்தென்று இருப்பது எல்லாம் பட்டறை வேலை. டீலரிடம் போகும்போது வண்டிக்குள் காற்றை நிரப்பி வெளியே சோப்புத் தண்ணீர் அடிக்கும் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். ஓட்டை இருக்கும் இடமெல்லாம் குமிழ் விடும், அரை மணியில் எல்லா வாசலும் தெரியும். அந்தச் சோதனைக்கு எவ்வளவு, சுவர் வேலைக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

காப்பீட்டை நம்பி உட்கார வேண்டாம். மரக்கிளை விழுந்து கூரை கிழிந்தால் பொதுவாகக் கொடுப்பார்கள், சீலன்ட் காய்ந்து மெல்ல மெல்ல ஒழுகியதைப் பராமரிப்புக் குறை என்று தள்ளிவிடுவார்கள். எங்கள் வட்டத்தில் ஒருவர் 9,000 டாலருக்கு வாங்கிய டிரெய்லரின் முன்சுவருக்கு 7,000 டாலர் மதிப்பீடு வந்தது. அவர் கூரைக்கு ஏறிப் பார்த்தே நாலு வருடம் ஆகியிருந்தது. நான் வருடத்துக்கு இரண்டு முறை ஏறுகிறேன், ஏப்ரலில் ஒருமுறை, அக்டோபரில் ஒருமுறை, கையில் ஒரு டியூப் சீலன்டோடு.